அவள் விறகுக்குப் போகவில்லை

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. புளியங்குடியில் எங்கள் அப்பா எலுமிச்சை மண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குச் சங்கரன்கோவில், விசைத்தறியில் வேலை, சொந்த வீடு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம், துணைக்கு அம்மா மட்டும். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, அடக்கமான பிள்ளை என்று எங்கள் அம்மா சொன்னாள். மண்டைக்கனமோ என்று நான் நினைத்தேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அடுப்படி வாசலில் வந்து நின்று, "கா..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். காப்பியா என்று கேட்க நான் வாயெடுத்தேன். பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை, அவருடைய அம்மா, என் கையைப் பிடித்து அழுத்தினாள். இருவரும் காத்திருந்தோம்.

"காலைலயே தறிக்குப் போகணும்" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டு அவர் வெளியே போனார்.

"எடுத்துக் குடுக்காத தாயி" என்றாள் அத்தை. "அவன் என்ன சொல்ல வாரான்னு நமக்குத் தெரியும்னு நெனப்போம். தெரியாது."

அன்று பகல் முழுக்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. தெருவில் அவரைத் திக்குவாயன் என்றுதான் அடையாளம் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொல்லி எழுப்பி நிறுத்துவதற்குப் பயந்தே படிப்பை விட்டவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து மத்தியானச் சோறு கொண்டு தறிக் கொட்டகைக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததுமே காது அடைத்துவிட்டது. அத்தனை தறிகளும் சேர்ந்து அடிக்கிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே யாரும் வாயால் பேசவில்லை. கையால் பேசினார்கள். நூல் அறுந்துவிட்டது, முதலாளி வருகிறார், டீ வந்தாயிற்று, நேற்று வீட்டில் சண்டை, எல்லாவற்றுக்கும் ஒரு கையசைவு இருந்தது. அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசிக்கொண்டிருந்தவர் இவர்தான். இரண்டு கையும் புருவமும் தோளும் சேர்ந்து ஏதோ கதை சொல்லின. எதிர்த் தறிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொருவர் கையை ஆட்டி மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார். நான் தூக்குச்சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னிடம் அரை வாக்கியத்துக்குத் திணறுகிற மனிதரா இது என்று இருந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் நாங்கள் பாதிப் பேச்சைக் கையால் பேச ஆரம்பித்தோம்.

எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன் ஒரு தடவையும் பொழுது மசங்கிய பிறகு ஒரு தடவையும் ரயில் பாதையை ஒட்டிய உடைமர முள்காட்டுக்குள் போவோம். இடையில் வயிறு என்ன பாடு படுத்தினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளப் பழகியிருந்தோம். தென்காசிப் பக்கம் போகிற ரயிலின் விளக்கு வளைவில் தெரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றுகொள்வோம். வெளிச்சம் கடந்ததும் மறுபடி உட்காருவோம். இதைப் பற்றி எந்தப் பெண்ணும் தன் வீட்டு ஆணிடம் பேசியதில்லை. எங்களுக்குள்ளேயே "ஒதுங்கப் போவமா?" என்பதற்குமேல் பேச்சு இருக்காது.

பக்கத்து வீட்டுக்கு ஒரு சின்னப் பெண் மருமகளாக வந்தாள். இளையரசனேந்தல் பக்கம், கரிசல்காட்டுப் பிள்ளை. என்னை மதினி என்று கூப்பிடுவாள். இருட்டு என்றால் அவளுக்கு ஆகாது. காட்டுக்குள் போகும்போது என் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டேதான் வருவாள். "ஊர்ல எங்களுக்குப் பருத்திக்காடு இருக்கு மதினி. அங்கன ரயிலு கெடையாது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

என் மூத்த மகன் அப்போது கைக்குழந்தை. ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். சாயங்காலம் அவள் வந்து கூப்பிட்டபோது குழந்தை என்னை விட்டு இறங்கவில்லை. "நீங்க பிள்ளையப் பாருங்க மதினி, நான் வெரசா வந்துருதேன்" என்று போனாள். கொஞ்ச நேரத்தில் ரயில் பாதைப் பக்கமிருந்து பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டது. பாம்பு கடித்திருந்தது. அவளைத் தூக்கிவந்து வீட்டு வாசலில் கிடத்தினார்கள்.

எங்கள் ஊர்க் கோயில் புற்றுமண்ணுக்குப் பேர் போனது. பாம்போ பூச்சியோ கடித்தால் முதலில் அதைத்தான் பூசுவார்கள். அவள் மாமியார் மண் எடுத்துவர ஆளை ஓடவிட்டாள். இவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்தார். ஏதோ சொல்லப் பார்த்தார், வரவில்லை. சொல்வதை விட்டுவிட்டு அவளைத் தூக்கினார். சைக்கிள் கேரியரில் அவளுடைய புருஷனை உட்காரவைத்து, அவன் மடியில் அவளைச் சாய்த்து, மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது, விறகு பொறுக்கப் போன இடத்தில் கடித்தது என்று அவள் மாமனார் சொன்னார். தெருவும் அதையே சொன்னது. காரியத்தன்று பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். எங்கள் பகுதியில் செல்வாக்கான ஒருவர், எந்தக் கட்சிக் கூட்டமானாலும் மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்படுகிறவர், துக்கம் கேட்க வந்தார். நல்ல மனிதர்தான். அவர் சொன்னார்: "விறகு பொறுக்கப் போற பொம்பளையாளுக இனிமே பொழுதோட போயிட்டு வந்துரணும். நம்மதான் சாக்கிரதையா இருந்துக்கிடணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலு பேர் கூடின இடத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"வி... வி..." என்றார். நின்றது. கழுத்து புடைத்தது. யாரோ, "உக்காருப்பா, உக்காரு" என்றார்கள். உட்காரவில்லை. துக்க வீடு என்பதால் சிரிக்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"விறகுக்குப் போகல" என்றார்.

இறந்தவளின் மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். இவர் நிறுத்தவில்லை. அடுத்த வாக்கியத்துக்கு இன்னும் அதிக நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தாக, மேட்டில் பாரவண்டியைத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டு வந்தார்.

"வெளிக்குப் போனா. எங்க வீட்டுலயும் அங்கனதான் போறாக. உங்க வீட்டுலயும் அங்கனதான்."

வீட்டுக்குள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குக் கூச்சத்தில் உடம்பு எரிந்தது. அதோடு வேறு ஒன்றும் இருந்தது. அதை என்னவென்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரி நான். அருவி மாதிரிப் பேசுகிறவர்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் வராத ஒரு சொல், இவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்த வருஷங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. கவுன்சிலர் என்று யாரும் இல்லை, எதற்கும் அதிகாரியிடம்தான் போக வேண்டும். இவர் ஷிப்ட் முடிந்ததும் முனிசிபல் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, இவர் வாய் திறந்ததுமே, "தண்ணி வரலையா?" என்றார். இவர் இல்லையென்று தலையாட்டினார். "லைட் எரியலையா? சாக்கடையா?" ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். கடைசியில் வந்துவிட்டது. "பொம்பளையாளுகளுக்கு கக்கூஸ் வேணும்."

உள்ளே இருந்த அதிகாரி வெளியூர்க்காரர். அவர் இவரை உட்காரவைத்து, சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். "கட்டித் தரலாம். இடம் காட்டுங்க. உங்க தெருவுல யாரு இடம் தருவாங்க?" என்றார்.

யாரும் தரவில்லை. வேண்டும் என்று சொன்னவர்கள்கூடத் தங்கள் சுவர் ஓரம் வேண்டாம் என்றார்கள்.

ஒருநாள் சாயங்காலம் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலி இடம் அதுதான். அங்கே சொந்தமாக இரண்டு தறி போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கல்யாணமான புதிதில் தரையில் குச்சியால் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எனக்குக் காட்டியிருந்தார். அன்று வந்து அந்த இடத்தில் நின்றார். தறி ஓடுவதுபோல் கையை ஆட்டினார். அதை அழிப்பதுபோல் ஒரு வீச்சு. பிறகு நாலு சுவர், ஒரு கதவு. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஊரு கக்கூஸ நம்ம வீட்டுப் பொறத்தாலயா?" என்றேன். "நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கு?"

நான் கோபத்தில் சோறு வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். மறுநாள் அத்தைதான் பேச்சை எடுத்தாள். இடம் அவள் பேரில் இருந்தது.

"குடுத்துருவம்லே" என்றாள் மகனிடம். "ஒங்க அப்பா செத்த அன்னைக்கு வீடு நிறையா ஆளு. பொழுது மசங்குத வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவருக்காக அழுதனா, வயித்து வலிக்கு அழுதனான்னு எனக்கே தெரியாது."

அந்த இடத்தில் கட்டியிருந்த துணிக்கொடியை நான் அன்றே அவிழ்த்தேன்.

கட்டடம் எழும்பியது. பின்சந்திலிருந்து வழி வைத்தார்கள். மனிதர் கையால் அள்ளுகிற மாதிரி இருக்கக் கூடாது, குழி வேண்டும், பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று அதிகாரியிடம் நின்று வாங்கினார். ஆனால் கட்டியதோடு சரி. தொட்டியில் குழாய்த் தண்ணீர் பாதி நாள் ஏறவில்லை. சுத்தம் செய்ய யாரும் வரவில்லை. இவரே வேலைக்குப் போகுமுன் கிணற்றுத் தண்ணீர் சுமந்து தொட்டியை நிரப்பினார், தேய்த்துக் கழுவினார், பிறகு குளித்துவிட்டுத் தறிக்குப் போனார். புளியங்குடியிலிருந்து வந்த என் அப்பா இதைப் பார்த்துவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். தெருவில் சிலர் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வைக்கத் தயங்கினார்கள்.

ஒரு காலையில் அவர் வாளியோடு கிளம்பினபோது, பின்சந்தில் ஏற்கனவே யாரோ தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நானும் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா. பாம்பு கடித்துச் செத்தவளின் மாமியார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தோடு நின்றாள்.

"நீங்க வேலைக்குப் போங்க தம்பி" என்றாள் இவரைப் பார்த்து. "இத நான் பாத்துக்கிடுதேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் நான் அவளோடு சேர்ந்தேன். பிறகு எதிர்வீட்டுக்காரி. பிறகு யார் முறை என்று கேட்டு வாங்குகிற அளவுக்கு ஆனது.

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. பருத்தியும் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு, தபசுக் காட்சி நேரத்தில் சாமிக்கு வீசிச் சூறை விட, சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் ஊரில் வந்து இறங்கும். திருவேங்கடம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டத்துப் பெண்கள் எங்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். "இங்கன ஒரு எடம் இருக்குன்னு சொன்னாக" என்றாள் ஒருத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. கூட்டிப் போனேன். அப்புறம் கூட்டம் நிற்கவில்லை. திருவிழா முடியும்வரை தெருப் பெண்கள் எல்லோரும் தண்ணீர் சுமந்தோம். இவர் தறிக்கு லீவு சொல்லிவிட்டு, கிணற்றடியில் நின்று இறைத்துக்கொண்டே இருந்தார். ஊருக்குத் திரும்பிப் போன பெண்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் எங்கள் தெருப் பேரைச் சொல்லி வழி கேட்டு வந்தார்கள்.

பல வருஷம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். அன்று சாயங்காலமே தெருப் பெண்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி நிக்கணும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

இவர் வாயைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார்.

"பேசுதவுகளத்தான் இத்தன வருசமா பாத்துட்டமே" என்றாள் பக்கத்து வீட்டம்மா. "நீங்க கேளுங்க, போதும்."

சுயேச்சையாக நின்றார். எதிர்த்து நின்றவர் அன்று துக்கம் கேட்க வந்த அதே மனிதர். சின்னமாகக் குடை கிடைத்தது. மழையே பார்க்காத ஊரில் குடையா என்று கேலி பேசினார்கள். எதிர்த்தரப்பு கூட்டம் போட்டது. அவர்கள் அழைத்துவந்த பேச்சாளர் நல்ல குரல்காரர். அடுப்படியில் இருந்த எனக்கு ஒலிபெருக்கியில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. "சபைக்குப் போறவனுக்கு வாய் வேண்டும். வாதாடத் தெரிய வேண்டும். பரிதாபப்பட்டு ஓட்டுப் போட்டால் நட்டம் உங்களுக்குத்தான்" என்றார். நான் கரண்டியை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன்.

"சரியாத்தான சொல்லுதாரு" என்றார், ஒரு திக்கும் இல்லாமல். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அவர் மேடை போடவில்லை. வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்று கும்பிடுவார். என்ன குறை என்று கேட்க ஆரம்பிப்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவர் கேட்டுக்கொண்டே நிற்பார். நடுவில் குறுக்கிட மாட்டார். வேறு எந்த வேட்பாளரும் தங்கள் வாசலில் அவ்வளவு நேரம் நின்றதில்லை என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னாள்.

தேர்தலுக்கு முன்தினம் தறிக் கொட்டகைகள் இருக்கிற தெருவுக்குப் போனோம். ஒலிபெருக்கி வைத்த கார் அங்கே வந்து பிரயோஜனமில்லாமல் திரும்பியிருந்தது. அந்தச் சத்தத்தில் யார் பேச்சும் எடுபடாது. முதல் கொட்டகைக்குள் நுழைந்தோம். தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் இவரைப் பார்த்தார். இடது கை விரல் ஒன்றை நிமிர்த்தி, அதன்மேல் வலது உள்ளங்கையைக் கவிழ்த்தார். குடை. அடுத்தவர் பார்த்துவிட்டு அதையே செய்தார். வரிசை வரிசையாக, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆணும் பெண்ணுமாக எல்லாக் கைகளும் உயர்ந்தன. யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் கேட்டிருக்காது. இவர் அப்படியே நின்றார். பதிலுக்குக் கையைத் தூக்கப் போனவர், முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். கோயிலில் தீபாராதனை காட்டும்போது எல்லோரும் கையை உயர்த்துவார்களே, அப்போது உடம்பில் ஒன்று ஓடும், அது ஓடியது.

ஜெயித்தார். மாலை போட வந்த முதல் ஆள் தோற்றவர்தான். "வாய் இல்லாம ஜெயிச்சிட்டீரே வே" என்று தோளைத் தட்டினார்.

சபையில் ஆரம்பத்தில் இவர் எழுந்தால் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். இவர் உட்கார மாட்டாராம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெளியூர்ப் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் என்பதைத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து கேட்டிருக்கிறார். கேட்டு முடிக்கவிடாமல் யாராவது அவசரப்படுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

கட்டி முடித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் ஊரில் எது திறந்தாலும் கல்வெட்டில் யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று சண்டை வரும். இதற்குக் கல் வாங்கி வழுவழுப்பாக இழைத்து வைத்தாயிற்று. கக்கூசில் தன் பேரைப் பொறிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. ரிப்பன் வெட்டவும் ஆள் வரவில்லை. ஒருவருக்குக் கல்யாண வீடு, ஒருவருக்கு உடம்பு சரியில்லை. இவருடைய பேரையாவது போடலாம் என்றார் கொத்தனார். இவர் வேண்டாமென்று கையசைத்து, கல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே படியாகப் போடச் சொன்னார். அது அங்கே சரியாக உட்கார்ந்தது.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே திருவேங்கடம் பஸ் வந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, படியேறி உள்ளே போனாள். இவருக்கு மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் வளைந்து வளைந்து போகும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.